பிள்ளைகளின் பகடையும் பெற்றோரின் பொறுப்பும்

குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்றால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. அழவில்லை, அடுப்பங்கரைக்கு வந்து சேலையைப் பிடித்து இழுக்கவில்லை, தெருவில் ஓடவில்லை. அது போதும் என்று இருந்துவிடுகிறோம். எதை வைத்து விளையாடுகிறது, அந்த விளையாட்டு அதன் பிஞ்சு உள்ளத்தில் எதைக் கட்டி எழுப்புகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. மார்க்கப் பற்று மிகுந்த சில இல்லங்களிலோ இதற்கு நேர்மாறான நிலை. "விளையாட்டா? வீண் வேலை! ஓதுகிற பிள்ளைக்கு அது எதற்கு?" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

முதலாமவர் எதையும் பார்ப்பதில்லை. இரண்டாமவர் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி இந்த இரண்டும் அன்று என்பதே நாம் இக்கட்டுரையில் சொல்ல வருவது. பொதுப்படப் பேசினால் யாருக்கும் பயன் இராது. ஆகவே இன்றைய பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

தச்சரின் பட்டறையிலிருந்து

வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு விடுப்பில் வருபவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டு வரும் சாமான்களில் 'லெகோ' என்னும் சிறு கட்டைகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். செங்கல்லைச் சுருக்கிச் செய்தது போன்ற பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ்கள், கீழே குழாய்கள். ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டு மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களிலிருந்து 'லெகோ' என்ற பெயரை 1934இல் அமைத்தார். இன்றுள்ள கட்டையின் அமைப்புக்கு 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது.

அந்தத் தச்சரைப் பற்றி அந்நிறுவனம் தன் வரலாற்றில் சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மர வாத்துப் பொம்மைகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுவது அவர் வழக்கம். ஒருநாள் அவருடைய மகன், இரண்டே முறை பூசி அனுப்பிவிட்டுச் செலவை மிச்சப்படுத்தியதாகத் தந்தையிடம் பெருமையோடு சொன்னார். தந்தையோ அந்தப் பெட்டிகளை இரயில் நிலையத்திலிருந்து திரும்பக் கொண்டுவரச் செய்து, மூன்றாவது பூச்சையும் பூசி முடித்த பிறகே அனுப்பும்படி சொல்லிவிட்டார். வாங்குபவருக்குத் தெரியாது என்பதற்காகக் குறை வைக்கலாகாது என்ற அந்தப் பாடம் நமக்கு அந்நியமானதன்று. ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். எவரிடத்தில் இருந்தாலும் நற்பண்பு நற்பண்பே.

இந்நிறுவனம் 2009இல், கட்டைகளைக் கொண்டு பிள்ளைகளே ஆடுகளத்தைக் கட்டிக்கொண்டு ஆடும் பலகை விளையாட்டுகளை வெளியிடத் தொடங்கியது. அந்த வரிசையில் 2011இல் வந்ததுதான் 'ஹீரோய்கா'. இப்போது அது புதிதாகத் தயாராவதில்லை. ஆயினும் அதைப் போன்ற சாகச விளையாட்டுகள் வெவ்வேறு பெயர்களில் பிள்ளைகள் கைக்கு வந்தவண்ணமே இருக்கின்றன. ஆகவே ஹீரோய்காவை மாதிரியாகக் கொள்வது பொருந்தும்.

ஹீரோய்கா என்பது ஒரு கற்பனை நாடு. கடற்கரை, காடு, குகை, கோட்டை எனத் தனித்தனிப் பெட்டிகளாக வந்தன. ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பெரிய களமாகவும் கட்டலாம். ஆடுகிற பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு வீரனைத் தேர்ந்துகொள்ளும். வாள்வீரன் உண்டு, காட்டுவாசி உண்டு, மந்திரவாதியும் உண்டு. விரல் நகத்தளவே உள்ள அந்த உருவத்தைப் பகடை காட்டும் எண்ணிக்கைப்படி நகர்த்த வேண்டும். வழியில் பூதங்கள் மறிக்கும். மீண்டும் பகடையை உருட்டி அவற்றோடு சண்டையிட வேண்டும். சாவி கிடைத்தால் பூட்டிய கதவு திறக்கும். பொன் சேர்ந்தால் ஆயுதம் வாங்கலாம். இவ்வளவுதான் விளையாட்டு.

மார்க்கப் பற்றுள்ள தாய் இதைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. ஒன்று, இது உருவச்சிலை அல்லவா? இரண்டு, பூதமும் மந்திரவாதியும் வரும் பொய்க்கதை அல்லவா? மூன்று, இதில் பகடை இருக்கிறதே? மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் மூன்றுக்கும் விடை ஒன்றன்று.

இரண்டு நிகழ்ச்சிகள்

விடை தேடுமுன் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாவது அபூதாவூதில் பதிவானது. ஒரு போரிலிருந்து நபி (ஸல்) அவர்கள் வீடு திரும்பியிருந்த வேளை. காற்றடித்துத் திரை விலகியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் இரண்டு இறக்கைகள் வைத்த ஒரு குதிரை! குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அதைக் கேட்டு அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியும்படி சிரித்தார்கள். பொம்மை பறிக்கப்படவில்லை, இறக்கை பிய்க்கப்படவில்லை.

இரண்டாவது புகாரியில் பதிவானது. ஸகாத்தாக வந்து குவிந்திருந்த பேரீச்சம்பழங்களில் ஒன்றைப் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அப்போது அவர்கள் சின்னஞ்சிறு பிள்ளை. ஒரே ஒரு பழம்! ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அதைத் துப்பிவிடச் செய்தார்கள். அத்தோடு விடாமல், தர்மப் பொருளை நாம் உண்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று அந்தச் சின்னஞ்சிறுவருக்குக் காரணத்தையும் சொன்னார்கள்.

பருவமடையும்வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அதன் செயல் குற்றமாகப் பதியப்படுவதில்லை என்பது ஹதீஸில் வந்துள்ள சட்டம். அப்படியானால் ஹஸன் (ரலி) அவர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. பின் ஏன் அந்தப் பழம் வெளியே எடுக்கப்பட்டது? எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பது பிள்ளையின் மீதுதான். பக்கத்தில் இருக்கும் பெரியவர் மீது அன்று! பிள்ளையின் கணக்கில் எழுதப்படாதது, அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்த பெரியவரின் கணக்கில் எழுதப்படக்கூடும். மேலும் குற்றமாகப் பதியாத செயலும் பழக்கமாகப் பதிந்துவிடும்.

ஒரே அண்ணல், ஒரே அன்பு. ஓரிடத்தில் சிரித்து விட்டுக்கொடுத்தார்கள், ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே பெற்றோரின் வேலை எல்லாவற்றையும் அனுமதிப்பதும் அன்று, எல்லாவற்றையும் பறிப்பதும் அன்று. தம் பிள்ளையின் கையிலிருப்பதில் எது இறக்கை வைத்த குதிரை, எது எடுத்துவிட வேண்டிய பழம் என்று பிரித்தறிவதே அவர்கள் வேலை. இந்தப் பார்வையோடு மூன்று கேள்விகளுக்கும் வருவோம்.

உருவமும் கற்பனையும்

உருவங்களைச் செய்வதைப் பற்றிய எச்சரிக்கை கடுமையானது, அதில் ஐயமில்லை. எனினும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஆயிஷா (ரலி) அவர்களின் ஹதீஸ்களைக் கொண்டு இமாம்களில் மிகப் பலர் விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆஷூரா நோன்பன்று பசியால் அழும் சிறுபிள்ளைகளுக்குக் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை தேற்றியதாக ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பிள்ளை கையில் உருண்டு புரண்டு தேயும் பொம்மைக்கும், கண்ணாடி அலமாரியில் பெரியவர்கள் அழகு பார்க்க நிறுத்தும் சிலைக்கும் வேறுபாடு உண்டு. ஹீரோய்காவின் நகத்தளவு வீரர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். ஆடி முடிந்ததும் அவர்கள் பெட்டிக்குள் போகட்டும். வரவேற்பறையில் நிற்க வேண்டாம்.

அடுத்தது கற்பனை. பூதமும் அற்புதமும் வரும் கதை எல்லாம் பொய், பொய் ஹராம் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். பொய் என்பது கேட்பவரை நம்பவைத்து ஏமாற்றுவது. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆடுகிற பிள்ளைக்கே அது விளையாட்டு என்று தெரியும். இறக்கை வைத்த குதிரை மதீனாவின் தெருக்களில் பறக்கவில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தெரியாதா? கற்பனை என்னும் ஆற்றலும் இறைவன் தந்ததே. ஆகவே காடும் குகையும் கோட்டையும் குதிரையின் வகையில் சேரும்.

ஆனால் மந்திரவாதியின் செய்தி சற்று வேறு. சூனியம் அழிவில் ஆழ்த்தும் ஏழு பெரும் பாவங்களில் ஒன்று என்று ஹதீஸ் எண்ணிச் சொல்கிறது. விளையாட்டில் மந்திரவாதி எதிரியாக வந்தால் கவலை குறைவு. ஹீரோய்காவிலோ அவன் வீரர்களில் ஒருவன். பிள்ளை 'நான்' என்று தன்னையே வைத்துப் பார்க்கும் உருவம். இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும்.

முஸ்லிம் நாடுகளில் வழங்கிய பழைய சாகசக் கதைகளைப் பாருங்கள். அமீர் ஹம்ஸாவின் பெயரால் கட்டப்பட்ட நெடுங்கதையில் ஜின்களும் தேவ்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்திருக்கும். அக்பர் பேரரசர் அதற்குச் சுமார் 1400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். அது வரலாறு அன்று, கட்டுக்கதைதான். ஆயினும் அந்தக் கட்டுக்கதையில்கூடச் சூனியக்காரர்கள் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்கள். வீரனோ இறைவனின் திருநாமத்தைத் துணைகொண்டு அந்த மாயத்தை உடைக்கிறான். கதை கட்டியவர்களுக்குக்கூட எந்தப் பக்கம் யாரை நிறுத்துவது என்று தெரிந்திருந்தது.

சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் சொல்லும் முறையிலும் இதே தெளிவைக் காண்கிறோம். காற்று அவர்களுக்கு வசப்பட்டது. பறவைகளின் மொழி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஜின்கள் அவர்களுக்காக மாடங்களும் நீர்த்தொட்டி போன்ற பெரிய கொப்பரைகளும் கட்டின. இத்தனை அற்புதங்களையும் சொல்லும் அதே திருமறை, அல்பகரா அத்தியாயத்தில் சூனியக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை முற்றிலும் விடுவிக்கிறது. அற்புதம் இறைவன் தருவது. சூனியம் அவனைத் தாண்டிப் போக முயல்வது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது கிடைக்கும்? அந்தச் சின்ன உருவத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "இவர் மந்திரவாதி இல்லையடா கண்ணு, மூலிகை தெரிந்த ஹகீம். அடிபட்டவருக்கு மருந்து கொடுப்பவர்" என்று உம்மா ஒரு சொல் சொன்னால், களத்தில் அவர் வேலையும் மாறிவிடும், பிள்ளையின் உள்ளத்தில் அவர் இடமும் மாறிவிடும்.

பகடை

இப்போது மூன்றாம் கேள்வி. இது எளிதாகத் தாண்டிப் போகக் கூடியதன்று.

நர்து என்னும் பகடை விளையாட்டைப் பற்றி முஸ்லிமில் புரைதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் மிகக் கடுமையான உவமையைக் கொண்டது. அதை ஆடியவர் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கையைத் தோய்த்தவரைப் போன்றவர் என்பது அதன் கருத்து. தம் வீடொன்றில் குடியிருந்தவர்களிடம் நர்து இருப்பதாக அறிந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அதை வெளியேற்றாவிட்டால் உங்களை வெளியேற்றிவிடுவேன் என்று சொல்லியனுப்பிய செய்தி முவத்தாவில் இருக்கிறது. இறக்கை வைத்த குதிரையோடு விளையாடிய அதே அன்னையார்தாம் இதையும் சொன்னவர்கள் என்பதைக் கவனியுங்கள்!

பணயம் வைக்காமல் ஆடினாலும் நர்து கூடாது என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஷாபிஈ மத்ஹபின் அபூஇஸ்ஹாக் அல்மர்வஸீ (ரஹ்) அவர்கள் அதை ஹராம் என்னாமல் மக்ரூஹ் என்றதாக இமாம் நவவீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். சதுரங்கத்தைப் பற்றியோ இமாம்களிடையே கருத்து வேறுபாடு பெரிது. ஷாபிஈ மத்ஹபில் பணயமும் தொழுகை தவறுதலும் இல்லாவிட்டால் அது மக்ரூஹ். மற்ற மத்ஹபுகள் இன்னும் கடுமையாக மறுக்கின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து, ஹிஜ்ரி 974இல் மறைந்த இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) போன்ற ஷாபிஈ இமாம்கள் ஓர் அளவுகோல் தந்தார்கள். கணக்கையும் சிந்தனையையும் சார்ந்த ஆட்டம் ஹராமாகாது. வெறும் குருட்டு ஊகத்தைச் சார்ந்தது ஹராமாகும். குழிகளில் கற்களைப் போட்டு எண்ணி ஆடும் 'மன்கலா'வை முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நம் பெண்கள் ஆடும் பல்லாங்குழி அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பிள்ளைகளின் எல்லாப் பகடை ஆட்டமும் அந்த நர்தின் சட்டத்தில் அடங்குமா? இன்றைய உலமாக்களில் ஆம் என்போரும் உண்டு. பணயமில்லாச் சிறுவர் ஆட்டத்தை அதோடு சேர்க்கலாகாது என்போரும் உண்டு. நாம் இங்கே ஃபத்வா வழங்கவில்லை. அதற்கு உங்கள் ஊர் ஆலிம்களை அணுகுங்கள். நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது, பகடை உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதையே.

பகடை ஆட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளையும் சோம்பேறிப் பிள்ளையும் ஒன்றே. நன்றாக எண்ணியவன் தோற்பான், எண்ணாதவன் வெல்வான். பெரிய எண் விழுந்தவன் தன் திறமை என்று மார்தட்டுவான். சிறிய எண் விழுந்தவன் தன்னை 'ராசியில்லாதவன்' என்று நொந்துகொள்வான். கொஞ்ச நேரத்தில் பகடையை ஊதி உருட்டுவதும், 'இந்தக் கைதான் ராசி' என்பதும் தொடங்கிவிடும். பொறுமையும் உழைப்பும் பயன்படாத இடத்தில் சகுனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. "வாழ்க்கையிலும் நம் கையில் இல்லாதவை எத்தனையோ! மழை பொய்க்கிறது, நோய் வருகிறது. விழுந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்த அடி வைக்கப் பகடை பழக்குகிறதே! மேலும் மரத்திலிருந்து ஓர் இலை உதிர்வதும் இறைவன் அறியாமல் நிகழ்வதில்லை என்று திருமறை சொல்லும்போது, பகடை விழுவது மட்டும் அவன் கத்ருக்கு வெளியிலா?" என்று ஒருவர் கேட்கலாம்.

நல்ல கேள்வி! பகடை விழுவதும் அவன் கத்ரில் உள்ளதே, மறுப்பில்லை. வேறுபாடு விழும் பொருளில் இல்லை, எதிர்பார்க்கும் உள்ளத்தில் இருக்கிறது. மழைக்காகக் காத்திருக்கும் உழவன் உழுது, விதைத்து, கையேந்தி துஆச் செய்து காத்திருக்கிறான். கொடுத்தால் ஷுக்ரு, கொடுக்காவிட்டால் ஸப்ரு. இரண்டும் அவனை அல்லாஹ்வின்பால் கொண்டு சேர்க்கின்றன. பகடைக்காகக் காத்திருப்பவன் உழுவதுமில்லை, விதைப்பதுமில்லை. அவன் கண் ஆறு முகமுள்ள ஒரு கட்டையின்மீதே பதிந்திருக்கிறது. முதலாவது தவக்குல், இரண்டாவது அதன் போலி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

கழற்றி மாட்டலாம்

இவ்விடத்தில்தான் இந்தக் கட்டை விளையாட்டின் தனிச்சிறப்பு நமக்குக் கைகொடுக்கிறது. மற்றப் பலகை விளையாட்டுகள் அச்சடித்த அட்டையில் முடிந்துபோனவை. இது அப்படியன்று. களத்தைக் கழற்றலாம், கதவை மாற்றலாம், பகடையின் முகங்களில் உள்ள வில்லைகளைக்கூடப் பெயர்த்துவிடலாம். ஒரு விதியை மாற்றி ஆடிப்பாருங்கள் என்று அந்த வரிசை விளையாட்டுகளின் குறிப்பேடே பிள்ளைகளைத் தூண்டியது. செய்தவர்களே மாற்றச் சொல்லும்போது, "பெட்டியில் இருந்ததால் பகடையோடுதான் ஆட வேண்டும்" என்று நாம் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்?

பகடையை எடுத்துவிட்டு எப்படி ஆடுவது? சில வழிகளைச் சொல்கிறோம். ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 புளியங்கொட்டைகள் கொடுத்துவிடுங்கள். ஓர் அடிக்கு ஒரு கொட்டை செலவு. எப்போது விரைவது, எப்போது சேமிப்பது என்பது அவரவர் கணக்கு. பூதம் மறித்தால் ஒரு கேள்வி: வாய்ப்பாட்டிலிருந்து ஒன்று, அல்லது நபிமார் வரலாற்றிலிருந்து ஒன்று. சரியான விடைக்கு வழி திறக்கும். இன்னும் சிறந்த வழி, கட்டும் விளையாட்டைக் கட்டியே வெல்வது. "இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஆறு கட்டைகளால் ஒரு பாலம் கட்டு, நாங்கள் நூறு எண்ணுவதற்குள் முடிக்க வேண்டும்" என்றால் போதும். தங்கைக்கு வயது குறைவா? அவளுக்காக இருநூறு எண்ணுங்கள். நீதி என்பது எல்லாருக்கும் ஒரே அளவு அன்று, அவரவர்க்கு உரிய அளவு என்பதையும் பிள்ளைகள் அங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

ஆறு கட்டைகளால் என்ன பெரிதாகக் கட்டிவிட முடியும் என்று எண்ண வேண்டாம். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறை எத்தனை விதமாக இணைக்கலாம் என்பதற்கு அந்நிறுவனம் 10,29,81,500 என்று ஒரு கணக்கை நீண்டகாலம் சொல்லிவந்தது. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறடுக்காய் நிறுத்தும் விதங்கள் மட்டுமே அதில் அடங்கும். பின்னர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் எய்லர்ஸ் கணினியைக் கொண்டு எல்லா விதங்களையும் எண்ணி, சரியான தொகை 91,51,03,765 என்று காட்டினார். தான் செய்த ஆறு கட்டைகளின் கணக்கே மனிதனுக்கு முழுதாகப் பிடிபடவில்லை! படைத்தவன் தன் படைப்பை அறிவது எத்தகைய அறிவு என்று பிள்ளைக்கு எடுத்துச்சொல்ல, வீட்டுத் தரையிலேயே ஒரு பாடம் கிடக்கிறது.

மூடிய பொதியில் இருக்கும் பழம்

பகடையை எடுத்துவிட்டதோடு நம் கடமை முடிந்ததா? இல்லை. எடுத்துவிட வேண்டிய பழம் சில வேளைகளில் நாம் தேடாத இடத்தில் இருக்கும். 2010 முதல் இதே நிறுவனம் சிறு மனித உருவங்களை மூடிய பொதிகளில் விற்று வருகிறது. உள்ளே ஓர் உருவம் இருப்பது உறுதி. எந்த உருவம் என்பது பிரித்தால்தான் தெரியும். வேறு பல நிறுவனங்களும் இப்படியே விற்கின்றன. வேண்டியது கிடைக்கும்வரை பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். நாமும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்போம். கைப்பேசி விளையாட்டுகளில் பணம் கட்டித் திறக்கும் 'பரிசுப் பெட்டி' இதன் அண்ணன். பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் அவற்றில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

வாங்கும் பொருள் இன்னதென்று தெரியாமல் விலை பேசுவதை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' என்று பெயரிட்டு, வியாபாரப் பாடத்தில் விரிவாகவே விலக்கியிருக்கின்றன. பகடை ஆட்டத்தில் பிள்ளை வைக்கும் பணயம் ஒன்றுமில்லை. மூடிய பொதியிலோ காசு கைமாறுகிறது. ஆயினும் நம்மில் பலர் பகடையைக் கண்டால் பதறுவோம்; பொதியைக் கடைக்காரரிடம் நாமே கேட்டு வாங்குவோம். பழக்கப்பட்ட தீமையைக் கண்டால் அஞ்சுவதும், புதிய உடையில் வரும்போது அதற்குக் கதவைத் திறந்துவிடுவதும் நம் இயல்பாகிவிட்டது. இன்ன உருவம் என்று தெரிந்தே வாங்கக்கூடிய கடை இருந்தால் அங்கே வாங்குங்கள்; இல்லையேல் வேண்டாம் என்றுவிடுங்கள்.

காரணம் சொல்லிக் கொடுங்கள்

கடைசியாக ஒன்று. ஹஸன் (ரலி) அவர்களின் வாயிலிருந்து பழத்தை எடுக்கச் செய்த நபி (ஸல்) அவர்கள், சின்னஞ்சிறு வயதில் இருந்த அப்பிள்ளைக்குக் காரணம் சொன்னார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். நாமோ பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் காரணம் சொல்வதில்லை. பறிக்கிறோம், அதட்டுகிறோம், "ஹராம்" என்ற கனமான சொல்லைக் கல்லைப் போல் எறிகிறோம். பறிக்கப்பட்ட பிள்ளை அடுத்த வீட்டில் அதே பகடையை உருட்டும், நமக்குத் தெரியாமல். காரணம் அறிந்த பிள்ளையோ அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் புளியங்கொட்டை ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும்.

காரணம் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு நமக்கு நேரமில்லை என்பதே உண்மை. கட்டைப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததோடு வாப்பாவின் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுகிற வீட்டில், பிள்ளையை வளர்ப்பது அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிதான். தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பாலம் கட்டுங்கள். பாங்கொலி கேட்டதும் கட்டியது பாதியில் இருந்தாலும் எழுந்து ஒளூச் செய்யுங்கள். பிள்ளையும் எழும். "பூதம் காத்திருக்கட்டும், தொழுதுவிட்டு வந்து பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு வீட்டில் சொல்லப்படுமானால், அந்த வீட்டில் விளையாட்டு தன் இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

பிள்ளைகள் கட்டும் கோட்டைகள் இரவில் கழற்றிப் பெட்டியில் போடப்படும். அவற்றைக் கட்டியபோது உள்ளத்தில் கட்டப்பட்டதோ அங்கேயே நிற்கும். அது பொறுமையா, பேராசையா? உழைப்பா, குருட்டு ராசியா? அல்லாஹ்வின் மீதுள்ள நம்பிக்கையா, மந்திரத்தின் மீதுள்ள மயக்கமா? மறுமையில் அமானிதத்தைப் பற்றிக் கேட்கப்படும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், நாமே.

நம் மக்களின் விளையாட்டில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும், தடுக்க வேண்டிய இடத்தில் அன்போடு தடுக்கவும் தேவையான அறிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.